மின் துடிப்பு கொடுத்தால் மாம்பழம் கூடுதல் சாறு தருமா?

கேள்வி: குடியாத்தம் வாசகர், மே 9

பரதராமி சாலையில் எங்களுக்குப் பெங்களூரா மாந்தோப்பு இருக்கிறது. விலை படுத்துக் கிடக்கிறது. சித்தூர் மாங்கூழ் ஆலைக்கு ஏற்றினால் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே சரியாகிவிடுகிறது. இயந்திர முகவர் ஒருவர் வந்து போனார். பழத்துக்குக் கண நேர மின்சாரம் கொடுத்தால் 40 சதவீதம் கூடுதல் சாறு, இரண்டு மடங்கு சத்து, மின்கட்டணமும் சொற்பம் என்கிறார். நாங்கள் நான்கு பங்காளிகள் சேர்ந்து வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இது உண்மையா, பம்மாத்தா?

மே 9, இரவு

உண்மையான தொழில்நுட்பம்தான். உங்கள் பழத்துக்கு உதவாது. கையெழுத்துப் போடாதீர்கள். மீதியை நாளை எழுதுகிறேன். இங்கே மின்சாரம் போய்விட்டது, கத்திரி வெயில் இரவிலும் இறங்கவில்லை.

மே 10

பழச் சதை முழுவதும் செல்கள். ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே தடித்த சுவர், உள்ளே மெல்லிய சவ்வு. பாலித்தீன் உறை போட்ட கோணிப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கோணி தண்ணீரைப் பிடித்து வைக்காது, உள்ளே இருக்கும் பாலித்தீன்தான் பிடித்து வைக்கிறது. சாறு அந்தச் சவ்வுக்குள் இருக்கிறது.

இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பழத்தை வைத்து, மிக உயர்ந்த வோல்ட்டில், மைக்ரோ நொடிக் கணக்கில் மட்டும் மின் துடிப்புகளை விட்டால், சவ்வின் இரு பக்கமும் மின்னழுத்தம் ஏறுகிறது. அது ஏறக்குறைய ஒரு வோல்ட்டைத் தாண்டும்போது சவ்வில் துளை விழுகிறது. ஒரு வோல்ட் என்றதும் சிரிக்க வேண்டாம். சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஐந்தாறு கூறுதான். அந்தக் கனத்துக்கு ஒரு வோல்ட் என்பது இடி.

துடிப்பு சின்னதாக இருந்தால் துளை தானே மூடிக்கொள்ளும். பலமாக இருந்தால் மூடாது. சாறு கசிய ஆரம்பிக்கும். சுவர் அப்படியே நிற்கிறது, அதுவும் நல்லதுக்குத்தான்: பிழியும்போது சதை கூழாகாமல் சக்கையாக நிற்கும், சாறு தெளிவாக வரும்.

இதில் சூடு கிடையாது. ஒரு கிலோ பழத்துக்கு 5 கிலோ ஜூல் ஆற்றல் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு டன்னுக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. பழத்தின் வெப்பம் ஒன்றேகால் டிகிரி ஏறும், அவ்வளவுதான். முகவர் மின்கட்டணத்தைப் பற்றிச் சொல்வது பொய் இல்லை. பொய் வேறு இடத்தில் இருக்கிறது.

மே 10, சற்று பின்

அந்த 40 சதவீதம். நல்ல அழுத்தி (பிழியும் இயந்திரம்) ஒன்று 100 கிலோ ஆப்பிளில் 75 கிலோ சாறு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் 40 சதவீதம் என்றால் 105 கிலோ. 100 கிலோ பழத்தில் 105 கிலோ சாறு! ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே மெல்ல அழுத்தி, மின்சாரம் இல்லாமல் கொஞ்சமாகச் சாறு வரவைத்துவிட்டு, பிறகு மின்சாரம் கொடுத்துக் கணக்குப் போட்டால் எந்தச் சதவீதமும் காட்டலாம். எந்த அழுத்தியோடு ஒப்பிட்டீர்கள் என்று முகவரைக் கேளுங்கள்.

மே 11

உங்கள் பழத்துக்கு ஏன் உதவாது என்பதுதான் கேள்வியே.

மாங்கூழ் ஆலையில் மின்பராமரிப்பு வேலையில் பல பருவங்கள் இருந்திருக்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஆகட்டும், சித்தூர்ப் பக்கம் ஆகட்டும், வரிசை ஒன்றுதான். பழம் பழுக்கும் அறையிலிருந்து வரும், கழுவப்படும், ஆட்கள் அழுகலைப் பொறுக்குவார்கள், கூழ் இயந்திரத்தில் கொட்டையும் தோலும் ஒரு பக்கம் போகும், சதை சல்லடையைத் தாண்டி இன்னொரு பக்கம் விழும். பிறகு இன்னும் நுண்ணிய சல்லடை, கொதிநிலைக்கு அருகே சூடு, குளிர்விப்பு, கிருமி நீக்கிய பையில் அடைத்து 215 கிலோ பீப்பாய். அல்லது 3.1 கிலோ டின்.

கவனியுங்கள், இதில் எங்கேயும் யாரும் எதையும் பிழியவில்லை. சதை மொத்தமும் பொருளாகப் போகிறது. சவ்வில் துளை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சாற்றைச் சக்கையிலிருந்து பிரிக்கிற இடத்தில்தான் இந்த வித்தைக்கு வேலை. சக்கையே இல்லாத இடத்தில் எதைப் பிரிப்பது?

ஆலையில் நட்டம் எங்கே என்றால் கொட்டையிலும் தோலிலும். பின்கட்டில் குவிந்திருக்கும் கொட்டையை ஒன்று கையில் எடுத்துப் பாருங்கள். நாரைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் சதை ஒட்டியிருக்கும், தோலின் உட்பக்கமும் வழுவழுவென்று ஒரு பூச்சு. கையை எடுத்தால் ஈ மொய்க்கும். அந்தக் குவியலிலிருந்து வழிகிற தண்ணீர் வாய்க்காலில் புளித்து ஓடும்போது ஓடுவது உங்கள் காசு. ஆனால் அதைத் தடுக்க வேண்டியது சல்லடையின் துளை, சதையைத் தள்ளும் துடுப்புக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளி, பழத்தின் பக்குவம். அரைக்காயாக வந்த பழம் தோலோடு சதையை இழுத்துக்கொண்டு போகும். துடுப்பின் இடைவெளியைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும், கோடிக்கணக்கில் இயந்திரம் வேண்டாம்.

மே 12

பேரணாம்பட்டு வாசகர் கேட்கிறார்: "இடி விழுந்த மாமரத்துப் பழம் அதிகச் சாறு தருமா?" இடி விழுந்த மரத்தில் பழம் ஏது ஐயா, கரி இருக்கும்.

மே 12, மாலை

சிரித்துவிட்டுப் போயிருப்பேன், அடுத்ததாக ஒருவர் கொசு மட்டையை எலுமிச்சம்பழத்தில் வைத்துப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறார். மட்டையில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் மின்தேக்கியில் அடங்கியிருப்பது ஒரு ஜூலில் சிறு பங்கு. 50 கிராம் எலுமிச்சைக்கு அதே கணக்கில் 250 ஜூல் வேண்டும். மட்டை கொசுவுக்குத்தான் சரி.

இப்போது விளையாட்டை விடுங்கள். நெஞ்சு நின்றவருக்கு மருத்துவமனையில் வைக்கிற மின்னதிர்வுக் கருவி கொடுப்பது 200 முதல் 360 ஜூல் வரை. ஓர் எலுமிச்சைக்குத் தேவையானதே அந்த அளவு. துடிப்பு இயந்திரம் அதைப் பல துண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது, ஆனால் மின்தேக்கித் தொகுப்பில் மொத்தமாகச் சேர்த்து வைத்திருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது அங்கேயே இருக்கும். ஆலையில் ஒரு சாதாரண மின்தேக்கிப் பெட்டியைத் திறக்கும் முன்பே நாங்கள் தரையிணைப்புக் கம்பியால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்போம். யூடியூப் பார்த்து வீட்டில் இதைச் செய்ய நினைக்கிறவர்கள் தயவுசெய்து இந்தக் கேள்வி-பதில் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

230 வோல்ட் வீட்டு மின்சாரத்தையே பழத்தில் குத்தலாமா என்பவருக்கும் இதே பதில். அது துளை போடாது, பழத்தை வேகவைக்கும், தொட்டால் உங்களையும்.

மே 14

ஆம்பூர் வாசகர் வாதாடுகிறார்: "மின்சாரம் கிருமியையும் கொல்லும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மாங்கூழைச் சூடாக்காமலே அடைக்கலாமே?"

அது வேறு அளவு. செல் பெரிதாக இருந்தால் குறைந்த மின்புலமே (சென்டிமீட்டருக்கு எத்தனை வோல்ட் என்ற கணக்கு) போதும், சிறிதாக இருந்தால் அதிகம் வேண்டும். பழத்தின் செல் நூறு மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும், பாக்டீரியா ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். அதனால் பழத்துக்குச் சென்டிமீட்டருக்கு 500 வோல்ட் முதல் சில ஆயிரம் வோல்ட் போதும். கிருமிக்கு 20,000 முதல் 40,000 வோல்ட் வரை கேட்கும். கிலோவுக்கு நூறு கிலோ ஜூல் என்று போட்டால் டன்னுக்கு 28 யூனிட். சூடாக்கும் வழியில் 30 டிகிரியிலிருந்து 90-க்குக் கொண்டுபோக அறுபது யூனிட்டுக்கு ஈடான வெப்பம் ஆகும், ஆனால் ஆலை அதை விறகு எரிக்கும் கொதிகலனில் மலிவாகப் பெறுகிறது, பாதியை மறுபடி பிடித்தும்கொள்ளலாம். மேலும் பாக்டீரியாவின் வித்துகள் (கெட்டி ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கும் நிலை) மின் துடிப்புக்குச் சாவதில்லை.

சாற்றில் இதைச் செய்து விற்றவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெனிசிஸ் என்ற சிறு நிறுவனம் 2000-களின் நடுவில் கடைக்குக் கொண்டுவந்தது. அதுவும் குளிர்பெட்டியில் வைத்து விற்கிற சாறு. நம் பீப்பாய் ஜூன் மாதம் அடைத்து, வெயிலில் கொட்டகையில் நின்று, கப்பலேறிப் போகிற சரக்கு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

மே 17

இது புதிய கண்டுபிடிப்பு என்று முகவர் சொன்னாராம். சோவியத் நாட்டில் பிளாமென்பாம் என்பவர் ஆப்பிள் கூழில் மின்சாரம் செலுத்தி, சாறு பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடியதைக் காட்டியது இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில். ஜெர்மனியின் டோவன்ஷ்பெக் காப்புரிமை 1960-ஐச் சேர்ந்தது. 1967-ல் சேல், ஹாமில்டன் இருவரும் பாக்டீரியா சாவதற்குக் காரணம் சூடு அல்ல, மின்புலமே என்று காட்டினார்கள். அறிவு எப்போதோ வந்துவிட்டது. பல ஆயிரம் வோல்ட்டை மைக்ரோ நொடியில் திறந்து மூடி, வருடக்கணக்கில் பழுதாகாமல் ஓடும் சுவிட்ச்தான் பின்னால் வந்தது.

பத்துப் பன்னிரண்டு சதவீதம் என்ற பழைய எண்ணைக் குறித்து வையுங்கள். அது நேர்மையான எண்.

மே 17, இரவு

குடியாத்தத்தில் மாம்பழமா, அது லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர் என்று ஒருவர் எழுத, மாவட்டத்தை யார் எப்படிப் பிரித்தார்கள் என்று பாதி நாள் சண்டை. 1989-ல் வட ஆற்காடு இரண்டானது, 2019-ல் வேலூர் மூன்றானது. பழம் எல்லைக்கல்லைப் பார்த்துப் பழுப்பதில்லை. எங்கள் பாட்டி இருக்கும்வரை எல்லாமே வட ஆற்காடுதான், கடைசிவரை முகவரியை அப்படித்தான் எழுதினார். கடிதமும் வந்து சேர்ந்தது.

மே 23

சிப்ஸ் ஆலைகள் இதை வாங்குகின்றனவே என்று கேட்டவருக்கு: ஆம், இன்று இந்த இயந்திரம் அதிகம் ஓடுவது உருளைக்கிழங்கில்தான். சாறுக்காக அல்ல. துளை விழுந்த கிழங்கு விறைப்பு தளர்ந்து வளைகிறது, கத்தி சீராக வெட்டுகிறது, நொறுங்கல் குறைகிறது. முன்பு இதற்காகக் கிழங்கை வெந்நீரில் ஊறவைப்பார்கள். அங்கே வருடம் முழுவதும் கிழங்கு வருகிறது. நம் பருவம் மே முதல் ஜூலை, இழுத்தால் ஆகஸ்டு. மீதி மாதங்களில் அந்த இயந்திரத்துக்குக் கோணி போர்த்திவிட்டு வட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நான்கு பங்காளிகளும் அதோடு பேச்சு வார்த்தையை நிறுத்திவிடுவீர்கள்.

ஜூன் 2

வேலூர்க் கோட்டை எதிரில் கரும்புச் சாறு குடித்துக்கொண்டே யோசித்தேன். கடைக்காரர் ஒரே கழியை மடித்து மடித்து, இஞ்சி எலுமிச்சையோடு உருளைக்குள் விடுகிறார். கடைசிச் சுற்றில் சொட்டுதான். இங்கே மின்சாரம் உதவுமா?

தள்ளுவண்டிக்கு உதவலாம், வண்டியைவிட இயந்திரம் நூறு மடங்கு விலை. அம்முண்டியில் இருப்பது போன்ற சர்க்கரை ஆலைக்கு ஆதாயம் குறைவு, ஏனென்றால் அங்கே கரும்பை முதலில் நாராகக் கிழித்துவிடுகிறார்கள். செல்லை எஃகே உடைத்துவிட்ட பிறகு மின்சாரத்துக்கு மிச்சம் என்ன? ஐரோப்பாவில் சர்க்கரைக்கிழங்கு (பீட்ரூட் இனம்) கதை வேறு. அதைச் சீவி எழுபது டிகிரி வெந்நீரில் போட்டுச் சவ்வைச் சாகடித்துத்தான் சர்க்கரையை எடுக்கிறார்கள். அந்தச் சூட்டுக்குப் பதில் துடிப்பு என்றால் எரிபொருள் மிச்சம், சாறும் தூய்மை. எந்தச் சரக்கானாலும் இப்போது நான் முதலில் கேட்பது இதுதான்: செல்லை இப்போது யார் உடைக்கிறார்கள், அவருக்கு எவ்வளவு கூலி?

ஜூன் 20

'இரண்டு மடங்கு சத்து' பக்கம் வருவோம். இதில் எனக்கு மறுயோசனை வந்திருக்கிறது. மே மாதம் எழுதியதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே சொல்கிறேன்.

நேதாஜி மார்க்கெட்டில் நாவல்பழம் வந்துவிட்டது. அதன் ஊதா நிறம் தண்ணீரில் கரையும் நிறமி. தோலுக்கு அடியில், செல்லின் நடுவே இருக்கும் நீர்ப்பையில் அடைபட்டிருக்கிறது. சவ்வு திறந்தால் தானாக வெளியே வரும். கறுப்புத் திராட்சையிலும் அதேதான். திராட்சைக்கு இந்த முறையை உலகத் திராட்சை, ஒயின் அமைப்பு 2020-ல் ஏற்றுக்கொண்டது. தோலை நாள்கணக்கில் ஊறப்போட்டு எடுக்கும் நிறத்தைச் சீக்கிரம் எடுக்கலாம்.

மாம்பழத்தின் மஞ்சள் கரோட்டின். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. சவ்வில் ஆயிரம் துளை போட்டாலும் அது சாற்றோடு ஓடி வராது, சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகையால் 'சத்து' என்று மொத்தமாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். எந்தச் சத்து, எதில் கரைவது என்று கேளுங்கள்.

ஜூன் 22

வீட்டில் செய்து பார்க்க மின்சாரம் தேவையே இல்லை. உறைபெட்டி போதும். பனிக்கட்டி ஊசியாக வளர்ந்து சவ்வைக் கிழிக்கும், முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்.

நாவல்பழத்தைக் கொட்டை நீக்கி நறுக்கினேன். பாதியை உறைபெட்டியில் இரவு முழுவதும் வைத்து எடுத்து, குளிர் தணிய விட்டேன். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் கேன் தண்ணீரில் போட்டேன் (எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு கரித்துக்கொண்டிருக்கும், அதில் அளந்தால் ஒன்றும் தெரியாது). பிறகு தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவர்கள் காட்டுகிற பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்திருப்பதை மின்கடத்துத் திறனை வைத்துக் காட்டுவது) மாற்றி மாற்றி நனைத்தேன். பச்சையாகப் போட்டதில் வெட்டுவாயிலிருந்து கொஞ்சம் கசிந்து எண் மெல்ல நகர்ந்தது. உறைந்து உருகியதில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டு போனது, துண்டின் ஓரத்திலிருந்து ஊதா இழை இழையாக இறங்கி டம்ளரின் அடியில் தங்கியது. மகள் அதைப் படம் எடுத்தாள், என் மீட்டரைப் படம் எடுக்கவில்லை.

ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள். செல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத் திசுவின் மின்கடத்துத் திறனை வைத்து அளப்பார்கள். முழுப் பழம் பூஜ்யம், முற்றிலும் சிதைந்தது ஒன்று, நடுவில் உங்கள் பழம் எங்கே நிற்கிறது என்று ஒரு குறியெண். பிரான்சில் காம்பியென் பல்கலைக்கழகத்தின் வொரோபியேவ், லெபோவ்கா ஆகியோர் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். முகவர் சாற்றின் நிறத்தைக் காட்டினால் இந்தக் குறியெண்ணைக் கேளுங்கள். முழித்தால் தெரிந்துவிடும்.

ஜூன் 23

உறைபெட்டியே போதுமென்றால் இயந்திரம் எதற்கு என்று ஆம்பூர் வாசகர் மடக்குகிறார். ஒரு டன்னை உறையவைத்து உருக்க எவ்வளவு நேரம், எவ்வளவு மின்சாரம்! தண்ணீர் பனியாக மாறுவதற்கு மட்டுமே கிலோவுக்கு 334 கிலோ ஜூல் வெளியேற்ற வேண்டும். துடிப்புக்கு ஐந்து. அளவு கூடும்போதுதான் துடிப்பு ஜெயிக்கிறது. வீட்டுக்கு உறைபெட்டியே ராஜா.

ஜூலை 6

மின்சாரம் பாய்ந்த சாற்றைக் குடித்தால் உடம்புக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: சாற்றில் மின்சாரம் தங்காது. கேட்க வேண்டியது தகட்டைப் பற்றி. துடிப்பு ஒவ்வொன்றிலும் தகட்டின் உலோகம் மிகச் சிறிதளவு அரித்துச் சாற்றில் இறங்கலாம். தகடு எந்த உலோகம், எப்போது மாற்ற வேண்டும் என்று விலைப்பட்டியலில் பாருங்கள். பழங்களுக்கு நடுவே காற்றுக்குமிழி இருந்தால் தீப்பொறி பறக்கும், தகடு பொத்தலாகும். அதனால் முழுப் பழத்தைத் தண்ணீரில் மூழ்க வைத்தே விடுவார்கள். அந்தத் தண்ணீர் உப்பாக இருந்தால் மின்சாரம் பழத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் வழியாகவே போய்விடும். வேலூர்த் தண்ணீருக்கு முதலில் ஒரு சுத்திகரிப்பு ஆலை வாங்க வேண்டியிருக்கும். முகவர் இதைச் சொன்னாரா?

இன்னொன்று. சவ்வு திறந்தால் நொதியும் (என்சைம்) வெளியே வரும். ஆப்பிளும் நெல்லிக்காயும் காற்றுப் பட்டால் கறுப்பது அதனால்தான். பழத்துக்குக் கொடுக்கிற அளவு துடிப்பு நொதியை அடக்காது. பிழிந்த கையோடு குளிரவைக்கவோ சூடாக்கவோ செய்யாவிட்டால், கூடுதலாக எடுத்த சத்தைக் காற்று தின்றுவிடும்.

ஜூலை 19

மாந்தோலைப் பற்றி ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். கூழுக்குப் பயனில்லை, கழிவுக்கு? கொட்டையும் தோலும் சேர்ந்து பழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தோலில் பெக்டின் (ஜாமைக் கெட்டியாக்கும் பொருள்) இருக்கிறது, மாங்கிஃபெரின் போன்ற பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருட்கள் இருக்கின்றன, அவற்றில் பல தண்ணீரில் இறங்கும். மாந்தோலில் துடிப்பு கொடுத்து ஆய்வும் நடந்திருக்கிறது. துளை போட்ட பண்டம் சீக்கிரம் காயும் என்பதால், மாங்காய்த் துண்டு உலர்த்துகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. இப்போது தோல் மாட்டுக்கும் குப்பைக்கும் போகிறது, கொட்டைப் பருப்பைக் கொழுப்பு எடுக்க வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆனால் இது ஆலைகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. தோப்புக்காரரின் வேலை அல்ல. தோல் ஆலையில்தானே குவிகிறது, தோப்பில் இல்லையே.

குடியாத்தம் வாசகரின் மறுமொழி, ஆகஸ்ட் 1

முகவர் மீண்டும் வந்தார் ஐயா. அடுத்த வாரம் ஆப்பிளில் செய்து காட்டுகிறாராம். பங்காளிகளில் இருவர் இன்னும் ஆசைப்படுகிறார்கள். போகலாமா?

ஆகஸ்ட் 1, இரவு

போங்கள், ஆனால் அவர் ஆப்பிளை நம்பாதீர்கள். உங்கள் பெங்களூராவில் ஒரு கூடை, கிடைத்தால் கடைசி நாவல்பழம் ஒரு கூடை எடுத்துப் போங்கள். தராசும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒரே பழத்தை இரண்டு பங்காக்கி, ஒன்றுக்குத் துடிப்பு, இன்னொன்றுக்கு இல்லை, இரண்டுக்கும் ஒரே அழுத்தி, ஒரே நேரம். சாற்றை மட்டும் எடை போட விடாதீர்கள், சக்கையையும் போடச் சொல்லுங்கள். சாறும் சக்கையும் சேர்ந்து போட்ட பழத்தைவிட அதிகமாக வந்தால் மூழ்க வைத்த தண்ணீர் சாற்றில் ஏறியிருக்கிறது. சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இனிப்பு இறங்கியிருந்தால் அதுவும் காட்டிக் கொடுத்துவிடும். முன்பணம் கேட்டால் எண்களை வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். எண்களை இங்கே போடுங்கள், கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.